சம்பந்தியின் நெஞ்சும் பட்டறைக்காரரின் கடனும்

சம்பந்திக்குப் பட்டறைக்காரர் இரண்டு லட்சம் பாக்கி. மூன்று வருடப் பாக்கி.

வேறு யாருக்கும் ஒரு சல்லிக்காசு பாக்கி வைத்தவர் இல்லை அவர். மகனுக்குப் பெண் கொடுத்த மனிதரிடம் மட்டும் இப்படி மாட்டிக்கொண்டார். அதை நினைக்கும்போதெல்லாம் செருப்புக்குள் இரும்புச் சுருள் புகுந்துகொண்ட மாதிரி குத்தும்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, எவருடைய லேத் பட்டறையிலோ இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கித் தொடங்கியவர். இன்றைக்கு நான்கு லேத், சொந்த இடம், சொந்தக் கூரை, வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை. அவர் கடைந்து கொடுத்த புஷ் தேய்வதற்குள் வண்டியே தேய்ந்துவிடும் என்பார்கள். முதலில் அப்படிச் சொன்னவர் அவர்தான். அடுத்தவர் வந்து புகழட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன் பெய்த பெருமழையில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி நான்கு மோட்டாரும் ஊறிப்போயின. பேங்குக்குப் போனால் ஒரு காகிதம் கேட்டார்கள். அந்தக் காகிதம் வாங்குவதற்கு இன்னொரு காகிதம் கேட்டார்கள். சம்பந்தி எதுவும் கேட்கவில்லை. துணிப்பையோடு வந்தார், சேறு காயாத மேஜைமேல் வைத்தார், “டீ எல்லாம் வேணாம் சம்பந்தி, நேரமாச்சு” என்று போய்விட்டார்.

மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் பட்டறைக்காரர் செய்த முதல் வேலை, பணத்தைத் திருப்பிக் கொண்டுபோனதுதான்.

“இருக்கட்டும் சம்பந்தி. உங்க கிட்ட இருந்தா என் பீரோவுல இருக்கற மாதிரி. தேவைப்பட்டா நானே கேக்கறேன்.”

மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் ‘இருக்கட்டும்’. வட்டியாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு அந்த மனிதர் காதைப் பொத்திக்கொண்டார். வேறு யாராவது என்றால் சட்டைப்பையில் திணித்துவிட்டு வந்துவிடலாம். சம்பந்தியை என்ன செய்வது? குரலை உயர்த்திப் பேச முடியாது, முகத்தைச் சுளிக்க முடியாது. இங்கே ஒரு சொல் தடித்தால் அங்கே பிள்ளைகளின் குடித்தனத்தில் போய் முட்டும். ஆகவே பணத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மனதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தார்.

சம்பந்தியை எல்லாரும் மீட்டர்காரர் என்பார்கள். முப்பது வருடம் வீடு வீடாகப் படியேறி மின்சார மீட்டரில் கணக்கெடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் ஏறுவதற்குப் படி இல்லாமல் கால் துறுதுறுத்தது. நடந்தார். நடை ஓட்டமாயிற்று. ஐந்து கிலோமீட்டர், பத்து, இருபத்தொன்று என்று ஏறி நாற்பத்திரண்டில் வந்து நின்றது. நின்றது என்று சொல்வது தப்பு. அந்த மனிதருக்கு நிற்கத் தெரியாது.

போன வருடம் ஒரு காலை ஓடிவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். தேய்ந்த எஞ்சின் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்கிற புதுக் குழலை அடித்து இறக்குகிற வேலைதான் இது என்று பட்டறைக்காரருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே புரிந்துவிட்டது. ஸ்லீவ் அடித்த வண்டியைப் பதமாகத்தான் ஓட்டவேண்டும். இதை அங்கிருந்த நர்ஸிடமும் சொன்னார், காவலாளியிடமும் சொன்னார். சம்பந்தியோ தெம்பு வந்ததும் ஷூவைக் கட்டிக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கிவிட்டார்.

ஒரு நாள் காலை அரை டிராயரும் வியர்வையுமாகப் பட்டறைக்குள் வந்து நின்றார்.

“சம்பந்தி, அந்தப் பணம் இப்பத் தேவைப்படுது.”

பட்டறைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “இதோ! உக்காருங்க, இதோ கொண்டாறேன்! என்ன விசேஷம்? இடம் கிடம் பாத்திருக்கீங்களா?”

“வெளிநாட்டுல ஒரு மாரத்தான். குலுக்கல்ல என் பேரு விழுந்திருச்சு. லட்சக்கணக்குல எழுதிப் போடறாங்களாம், நமக்கு விழுந்திருக்கு பாருங்க!”

பட்டறைக்காரர் காதில் அதெல்லாம் விழவில்லை. கடன் தீரப்போகிறது என்பது மட்டும்தான் விழுந்தது. சாயங்காலமே கொண்டுவந்து தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, மத்தியானம் வீட்டுக்குப் போய் டப்பாவைக் கையில் எடுத்தார். மருமகள் குறுக்கே வந்து நின்றாள்.

“மாமா, குடுக்காதீங்க.”

“என்னம்மா இது? உங்க அப்பா பணம்மா!”

“இந்த நெஞ்ச வெச்சுக்கிட்டு நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போறாராம். டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டா பேச்ச மாத்தறாரு. நான் சொன்னா சின்னப் பொண்ணு பேச்சு. அம்மா இருந்திருந்தா ஒரு அதட்டல்ல அடங்கியிருப்பாரு. அவர் கையில வேற பணம் இல்ல மாமா. நீங்க குடுக்கலன்னா போக முடியாது.”

“குடுக்காம? என்னன்னு சொல்லிக் குடுக்காம இருக்கறது?”

“தொழில் மந்தம்னு சொல்லுங்க.”

அதற்கு அவள் அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். “நானா? நான் சொல்லணுமா? நாலு லேத் வெச்சிருக்கறவன் தொழில் மந்தம்னு சொல்லணுமா?”

மருமகள் அழ ஆரம்பித்தாள். அவருக்கு இரும்போடுதான் பழக்கம், அழுகையோடு கிடையாது. டப்பா மறுபடி பீரோவுக்குள் போயிற்று. கண்ணாடி முன்னால் நின்று “கொஞ்சம் மந்தம் சம்பந்தி” என்று சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை வீட்டம்மா எட்டிப்பார்த்தாள். “ஒரு பொய் சொல்றதுக்கு இவ்வளவு ஒத்திகையா? பெருமை அடிக்கறப்ப மட்டும் தானா வருதே!”

சாயங்காலம் மீட்டர்காரர் வந்தபோது நான்கு மிஷினும் கூரை பறக்க ஓடிக்கொண்டிருந்தன. பட்டறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கொஞ்சம்… தொழில் மந்தம் சம்பந்தி.”

“மிஷினெல்லாம் ஓடுதே?”

“துருப்பிடிக்காம இருக்கணும்ல. சும்மா ஓட விட்டிருக்கேன்.”

வாழ்நாளில் இதைவிட மட்டமான பொய்யை எந்த லேத்காரனும் சொல்லியிருக்க மாட்டான். மீட்டர்காரர் அதை அப்படியே நம்பினார். அதுதான் தாங்கமுடியவில்லை. அவர் முகம் வாடிப்போயிற்று; பயணம் கைநழுவியதற்காக அல்ல. பட்டறைக்காரரின் தோளில் கை வைத்து, “உங்களுக்கா சம்பந்தி இந்த நிலைமை? பணத்த விடுங்க, மனச விட்டுராதீங்க” என்றார். தோளில் கை! பட்டறைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வினை அங்கேதான் பிடித்தது.

மீட்டர்காரரோடு காலையில் ஓடுகிற கூட்டம் ஒன்று உண்டு. மறுநாளிலிருந்து அந்தக் கூட்டம் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வரத் தொடங்கியது. கணக்கு டீச்சர் ஒரு கேட் கொண்டியைக் கொண்டுவந்தார். பல் டாக்டர், கால் ஆடுகிற ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்ஷூரன்ஸ்காரர் கொண்டுவந்தது புத்தம்புது போல்ட்.

“இதுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?”

“இன்னும் கொஞ்சம் நல்லா பண்ணித் தாங்களேன்” என்றார் இன்ஷூரன்ஸ்காரர், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

எல்லாருக்கும் அந்தக் குரல். எல்லாரும் கேட்டதற்கு மேலே காசு வைத்துவிட்டுப் போனார்கள். ஆலைக்குக் கொடுக்கவேண்டிய நாற்பது தண்டுகள் ஓரமாகக் கிடக்க, பட்டறைக்காரர் ஸ்டூலுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொத்தக் கூட்டமும் வந்தது. மருமகளும் டீ ஃபிளாஸ்க்கோடு அப்போதுதான் வந்திருந்தாள். மீட்டர்காரர் முன்னால் நின்றார். அவர் கையில் வெயிலுக்குப் போடுகிற ஓட்டத் தொப்பி, மல்லாந்தபடி. உள்ளே கசங்கிய நோட்டுகள்.

“தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. எல்லாருமா சேந்து, நம்மால முடிஞ்சது…”

பட்டறைக்காரர் அந்தத் தொப்பியைப் பார்த்தார். மல்லாந்த தொப்பியை யார் நீட்டுவார்கள், எதற்கு நீட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் வாழ்க்கையில் அப்படி ஒன்று அவருக்காக நிரம்பியிருக்கிறது என்றால்!

“எனக்கா? எனக்கா வசூல்?” கத்திய கத்தலில் லேத் ஓட்டுகிறவர் ஸ்விட்சை அணைத்துவிட்டார். “ஆலை ஆர்டர் நாப்பது தண்டு தூங்குது இங்க! உங்க ஸ்டூலாலயும் போல்ட்டாலயும் தூங்குது! சம்பந்தி, உங்க ரெண்டு லட்சம் என் பீரோவுல சுளையா இருக்கு!”

“இருக்கா?” மீட்டர்காரர் விழித்தார். “அப்ப ஏன் தரல?”

“தந்தா நீங்க அங்க போய்ச் செத்துருவீங்கன்னுதான்!”

சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் பார்த்து என்ன சொன்னோம் என்பது உறைத்தது. பல் டாக்டர் தரையைப் பார்த்தார். டீச்சர் தன் கொண்டியைத் தேட ஆரம்பித்தார்.

“யாரு சொல்லிக் குடுத்தது இத?” என்றார் மீட்டர்காரர்.

ஃபிளாஸ்க்கோடு நின்ற மருமகளின் முகம் வெளுத்தது. பட்டறைக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “யாரும் சொல்லல. எனக்குக் கண்ணு இல்லையா?”

“ஆக, கையில பணத்த வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. கடன இழுத்தடிக்கற ஆளா நீங்க?”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். அவர் பதில் சொல்வதற்குள் மீட்டர்காரர் தொப்பியை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி ஓடத் தொடங்கினார்.

கோபித்துக்கொண்டு நடந்துபோகிறவரைப் பின்னால் போய்க் கையைப் பிடிக்கலாம். ஓடிப்போகிறவரை? பட்டறைக்காரர் ஸ்கூட்டரை உதைத்து எடுத்தார். கடைத்தெரு முனையில் பிடித்தார். சம்பந்தியின் வேகத்துக்கு ஸ்கூட்டரை ஓட்டினால் வண்டி திணறுகிறது, சாய்கிறது. ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே கூட வந்தார்.

“நில்லுங்க சம்பந்தி!”

“மாட்டேன்.”

“நாலு பேரு பாக்கறாங்க!”

“பாக்கட்டும்.” மூச்சு வாங்காமல் பேசினார். அதுவே பட்டறைக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. “ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்து ஒரு வாளித் தண்ணி தூக்க விடறதில்ல என் பொண்ணு. நான் தும்முனா ஃபோன எடுக்கறா. வீட்டுக்குள்ள கண்ணாடிச் சாமான் மாதிரி இருக்கேன் சம்பந்தி. ஓடறப்ப மட்டும்தான் இது என் நெஞ்சா இருக்கு.”

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. பட்டறைக்காரர் லாரிக்காரரையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டுக் கேட்டார். “டாக்டர் என்னதான் சொன்னாரு? அத வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“ஓடலாம்னாங்க. மெதுவா. நெஞ்சுல ஒரு பட்டை கட்டிக்கணும். துடிப்பு அளவு மீறினா கடிகாரம் அலறும். அலறினா நிக்கணும்.”

“அத மக கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?”

“‘அலறும்’ மட்டும்தான் அவ காதுல விழும்.”

அது என்னவோ சரிதான். ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. “நான் கேக்கணும். டாக்டர் வாயால நான் கேக்கணும்” என்றார்.

இதய டாக்டர் ஒரு பெண்மணி. நிதானமானவர். மீட்டர்காரர் நடைமிஷினில் ஓடிய சோதனையின் தாளை விரித்துக் காட்டினார். பட்டறைக்காரர் அதைப் பார்க்காமல் ஸ்லீவ் அடித்த சிலிண்டரைப் பற்றி நீளமாக எடுத்துச் சொன்னார். டாக்டர் முழுவதும் கேட்டார்.

“உங்க வண்டிய நிறுத்தி வெச்சா அது தானா சரி ஆகுமா?”

“அது எப்படி ஆகும்?”

“இது ஆகும். அளவா வேலை குடுத்தா இன்னும் நல்லா ஆகும். வண்டி வேற, இது வேற.”

நாற்பது வருட அனுபவத்தை ஒரே வாக்கியத்தில் ஓரம் கட்டிவிட்டார். பட்டறைக்காரர் நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். “அப்ப அனுப்பலாம்ங்கறீங்க?”

“யாரோடயும் போட்டி போடாம, அளவு மீறாம ஓடலாம். ஆனா கடிகாரம் அலறினா அந்த எடத்துல நிக்கணும், முடியற எடம் கண்ணு முன்னால தெரிஞ்சாலும். நிப்பாரான்னு என்னக் கேக்காதீங்க. அதச் சோதிக்க எங்க கிட்ட மிஷின் இல்ல.”

மீட்டர்காரர் கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வை பட்டறைக்காரருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். “ரெண்டு பேரு டிக்கெட்டும் என் செலவு. நானும் வரேன். வட்டி வாங்க மாட்டேன்னீங்கல்ல? டிக்கெட்டா வாங்கிக்கங்க. அசல் அங்க வந்து. அலறி நின்னீங்கன்னா நின்ன எடத்துலயே எண்ணி வெக்கறேன். அலறாம முடிச்சாலும் தரேன். அலறியும் ஓடுனீங்க, ஒரு பைசா கெடையாது.”

“என் பணத்த எனக்குத் தர நிபந்தனையா?”

“ஆமா. நான் இழுத்தடிக்கற ஆளு. நீங்கதான சொன்னீங்க?”

பயணம் போனதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். விமான நிலையத்தில் சட்டைப்பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை ஆயுதம் என்று பிடுங்கிக்கொண்டார்கள். நோட்டு மாற்றும் இடத்தில் இரண்டு லட்சத்தைக் கொடுத்தால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இருபத்திரண்டு வெளிநாட்டுத் தாளைத் தள்ளினார். மூன்று வருடம் தூக்கத்தைக் கெடுத்த கடன், சட்டைப்பையில் இருப்பதே தெரியாத கனத்தில்! போய் இறங்கிய ஊரில் குளிர். மகனின் கோட்டு தோளில் பிடித்தது, வயிற்றில் பிடிக்க மறுத்தது. மீட்டர்காரரோ அறையின் இரண்டடி நடைபாதையிலும் கால் நீட்டி வளைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டத்தன்று பட்டறைக்காரரை முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில், பாலம் ஏறுகிற இடத்தில் நிற்கச் சொன்னார்கள். மருமகள் அவர் ஃபோனில் ஏதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். படத்தில் ஒரு நீலப் புள்ளி நகரும். அதுதான் சம்பந்தி. மணிக்கணக்காக அந்தப் புள்ளியைப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. அங்கே தன் வீட்டில் மருமகளும் அதே புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாள்.

“மாமா, புள்ளி மெதுவாப் போகுதே?”

“மெதுவாத்தாம்மா போகணும்!”

“மாமா, வேகமாப் போகுதே?”

“எறக்கம்மா! ஃபோன வையி!”

புள்ளி வந்தது. சம்பந்தியும் வந்தார். சட்டை நனைந்து, முகம் சிவந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பாலத்தில் ஏறி மறைந்தார். அப்பாடா என்று பட்டறைக்காரர் ஒரு காகிதக் கோப்பை காபியை வாய்க்குக் கொண்டுபோனார். ஃபோனைப் பார்த்தார். பாலத்துக்கு அப்பால் புள்ளி நின்றிருந்தது. விரலால் தட்டினார். அசையவில்லை.

காபி எங்கே விழுந்தது என்று தெரியாது. அறுபத்து மூன்று வயதில், தோல் செருப்போடு, பொத்தான் போடாத கோட்டு பறக்க, பட்டறைக்காரர் அந்தப் பாலத்தில் ஓடினார். கூட்டம் அவரையும் பந்தயக்காரர் என்று எண்ணிக் கைதட்டியது. கைதட்டினவர்களைத் திட்டுவதற்குக்கூட மூச்சு மிச்சமில்லை.

சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். விழவில்லை, படுக்கவில்லை. ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பளபளக்கிற வெள்ளித்தாள் ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். முதலுதவிப் பெண் ஒருத்தி அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கைகாட்டிவிட்டு, வந்து சேர்ந்த பட்டறைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் அவரை நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து விரலில் துடிப்பு பார்க்கிற கிளிப்பை மாட்டினாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா! அவரப் பாரும்மா!” அவளுக்கு எந்தப் பாஷை புரியும்?

“மூணு கிலோமீட்டர் சம்பந்தி” என்றார் மீட்டர்காரர். கண் ஓடுகிறவர்களின் மேலேயே இருந்தது. “மூணே மூணு. முடியற எடத்துல போடற பாட்டுச் சத்தம்கூடக் கேக்குது பாருங்க.”

“எப்ப அலறிச்சு?”

“பாலம் ஏறறப்ப ஒரு தடவ. நடந்தேன், எறங்கிச்சு. திரும்ப ஓடுனேன். இங்க வந்து திரும்ப அலறிச்சு. நின்னுட்டேன்.”

“மொத தடவையே நின்னுருக்கணும்!”

“நடந்தா நின்ன மாதிரிதான்!”

“நடக்கறது எப்படிய்யா நிக்கறதாகும்?” சம்பந்தியை ‘ய்யா’ போட்டுவிட்டார். இருவருமே கவனிக்கவில்லை. “டாக்டர் சொன்னது என்ன?”

“இப்ப நிக்கறேன்ல? மூணு கிலோமீட்டர விட்டுட்டு நிக்கறேன்ல?” மீட்டர்காரரின் குரல் உடைந்தது. அவர் வெள்ளித்தாளின் ஓரத்தால் மூக்கைத் துடைத்தார். அது துடைக்கவில்லை, சரசரத்தது.

பட்டறைக்காரர் கிளிப்பைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். எழுந்தார். கோட்டை விலக்கி உள்சட்டைப் பையிலிருந்து காகித உறையை எடுத்தார்.

“கைய நீட்டுங்க.”

“இங்கயா? ரூமுக்குப் போய்த் தாங்க சம்பந்தி. எல்லாரும் பாக்கறாங்க.”

“நின்ன எடத்துலன்னு சொன்னேன். நீட்டுங்க.”

மீட்டர்காரர் வெள்ளித்தாளுக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தார். பட்டறைக்காரர் ஒவ்வொரு தாளாக வைத்தார். “ஒண்ணு. ரெண்டு. மூணு.” ஓடுகிறவர்களில் சிலர் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். பதினாலாவது தாளில் ஃபோன் அடித்தது.

“மாமா! புள்ளி நின்னுருச்சு மாமா! நகரவே இல்ல!”

“நின்னுருச்சும்மா. உங்க அப்பா தானா நின்னுட்டாரு. நல்லா இருக்காரு. வையி, எண்ணிக்கிட்டிருக்கேன்.” ஃபோனைப் பைக்குள் போட்டார். கையிலிருந்த தாளைப் பார்த்தார், சம்பந்தியின் கையைப் பார்த்தார். “எத்தனையில விட்டேன்?”

“பதினாலோ, பதினஞ்சோ.”

“இந்த ‘ஓ’வெல்லாம் கடன்ல கெடையாது. குடுங்க இப்படி.”

வைத்ததை எல்லாம் திரும்ப வாங்கி, தட்டி அடுக்கி, முதலிலிருந்து தொடங்கினார். சம்பந்தி கையை மடக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பட்டறைக்காரர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தாளையும் விரலால் தேய்த்து, இரண்டு ஒட்டவில்லை என்று பார்த்து, சத்தமாகச் சொல்லி வைத்தார். இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு.